பின்சீட்டுக் குளிர்

“இருக்குதுங்களா?” என்று யார் எதைக் கேட்டாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “எப்ப வேணுமுங்க?”

ஏற்காடு மலையில் ஒண்டிக்கடை என்னும் பகுதியில், பஸ் திரும்புகிற இடத்துக்கு எதிரே வண்டிச் சாமான் கடை வைத்திருந்தார். எட்டுக்குப் பத்து அடி இருந்தால் அதிகம். மேலேயிருந்து ஃபேன் பெல்ட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அவற்றுக்கு நடுவே மூக்குக் கண்ணாடியும் சிவப்புக்கல் மூக்குத்தியுமாக உட்கார்ந்திருப்பார். அவருடைய அப்பா நடத்திய கடை, மகளுக்கு வந்தது. பக்கத்து அறையில் அவர் கணவர் தையல் மெஷின் போட்டிருந்தார். இருபது வயது மூத்த லாரி டிரைவர்கள் உட்பட ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே சொல்கிறேன்.

சேலத்திலிருந்து புதிதாக வருகிறவர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்து, “ஓனர் இல்லீங்களா?” என்பார்கள். அக்கா முகம் மாறாமல், “என்ன வேணும்னு சொல்லுங்க, சொல்லிப் பாக்கறேன்” என்பார். உள்ளே போய்ச் சாமானை எடுத்து வந்து மேசைமேல் வைத்து, “ஓனர் குடுக்கச் சொன்னாருங்க” என்பார். வந்தவர் போனபிறகு பக்கத்து அறையில் மெஷின் நின்று, அவர் கணவர் சிரிக்கும் சத்தம் கேட்கும்.

உடைந்த சாமானைக் கையில் கொண்டுவராமல் கேட்டால் அவருக்குப் பிடிக்காது. “சாம்பிள் இல்லாம வாயில கேட்டா வாயிலதானுங்க கெடைக்கும்” என்பார். அந்தச் சாம்பிளைத் துணிப்பையில் போட்டுக் கட்டி, சேலம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். பை சேலத்தில் ஒரு கடை, நாமக்கல்லில் ஒரு கடை என்று சுற்றிவிட்டு, உள்ளே ஒன்றுக்கு இரண்டாகத் திரும்பி வரும். சில சமயம் மறுநாள் வரும். சில சமயம் மறுவருஷம் வரும். ஒரு தோட்டக்காரர் தன் பழைய ஜீப்புக்கு விளக்குக் கண்ணாடி கேட்டிருந்தார். கேட்டதையே மறந்துவிட்டு ஜீப்பையும் விற்றுவிட்டார். இரண்டு வருஷம் கழித்துக் கண்ணாடி வந்தது. அவர் “ஜீப்பே போயிருச்சுங்களே, உடுங்க” என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஜீப்பை வாங்கியவர் வாழப்பாடியில் இருப்பதாகக் கேட்டறிந்து, பஸ் ஏறிப் போய், அதில் மாட்டிவிட்டு வந்தார்.

இதைப் பிடிவாதம் என்று சொன்னவர்களும் உண்டு. அவரையே அது ஒருமுறை சுட்டிருக்கிறது. சேலம் ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்திருந்த ஒருவரின் கார், ஒரு மத்தியானம் ஒண்டிக்கடையில் நின்றுவிட்டது. அக்கா, சாமான் சாயங்கால பஸ்ஸில் வந்துவிடும் என்றார். வந்தும்விட்டது. கார்க்காரர் அதுவரை காத்திருந்து, காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அம்மா இல்லை. மத்தியான பஸ்ஸில் போயிருந்தால் முகத்தைப் பார்த்திருக்கலாம். அவர் அக்காவைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் அக்கா “வரும்” என்று சொல்வதை விட்டுவிட்டு “எப்ப வேணுமுங்க?” என்று கேட்க ஆரம்பித்தார் என்று அவர் கணவர் ஒருமுறை என்னிடம் சொன்னார். கேட்ட நேரத்துக்குள் முடியாது என்றால் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாராம். நான் பார்த்தவரையில் அந்தச் சட்டத்துக்கு வேலை வந்தது ஒரே ஒருமுறை. அது எனக்காக.

எனக்கு வேர்க்காது. பிறவியிலேயே வேர்வைச் சுரப்பிகள் இல்லை என்று டாக்டர் சொன்னார். தலைமுடியும் குறைவு, பல்லும் குறைவு. அதெல்லாம் பெரிய குறையில்லை. வெயில்தான் எமன். வேர்த்தால்தானே உடம்பு ஆறும்? எனக்கு உள்ளே சூடு ஏறினால் ஏறியதுதான். ஏற்காட்டில் இருக்கும்வரை ஒரு ஈரத்துண்டை வைத்துச் சமாளித்துவிடுவேன். ஒன்பது வயதில் ஒரு சித்திரை மாதம் கல்யாணத்துக்கென்று சேலத்துக்குக் கூட்டிப்போனார்கள். பஸ் ஸ்டாண்டிலேயே விழுந்துவிட்டேன். ஒரு சோடாக்கடைக்காரர் ஐஸ் பெட்டியை அப்படியே என்மேல் கவிழ்த்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து மாசி பிறந்தால் நான் மலையை விட்டு இறங்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத விதி.

எங்களிடம் ஒரு வேன் இருந்தது. அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் டிரைவராக இருந்தவர். எஸ்டேட் முதலாளி வெளிநாட்டிலிருந்து இறக்கிய ஜப்பான் வேன் அது. முதலாளி எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போனபோது வேன் அப்பாவிடம் வந்தது. அதில் சுற்றுலாக்காரர்களை ஏற்றித்தான் எங்கள் பிழைப்பு. முன்னாலும் பின்னாலும் தனித்தனியாக ஏசி வைத்துச் செய்த வண்டியாம். ஆரஞ்சுக் கூடை அடுக்க இடம் போதவில்லை என்று பின்பக்க ஏசியை எஸ்டேட்டிலேயே எப்போதோ கழற்றிவிட்டார்கள். கூரையில் அது இருந்த ஓட்டையை அப்பா ஒட்டுப்பலகை வைத்து மூடியிருந்தார்.

நான் பன்னிரண்டாவது முடித்த வருஷம், ஆசிரியர் பயிற்சிக்கு நேர்காணல் கார்டு வந்தது. சேலத்தில், அக்கினி நட்சத்திரத்துக்கு நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை. நேரில் வராதவருக்கு இடம் இல்லை என்று அச்சடித்திருந்தது. போய்வந்தவர்கள், காலையில் போனால் சாயங்காலம்வரை உட்கார வைப்பார்கள் என்றார்கள். அப்பா கார்டைப் படித்துவிட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். அப்பாவின் வாயில் எப்போதும் இருக்கும் சொல் ‘போகட்டும்’. அன்றும் அதைத்தான் சொன்னார். நான் அழவில்லை. அழுதாலும் எனக்குச் சூடு ஏறும்.

பிரேக் ஆயில் வாங்கப் போன இடத்தில் அப்பா இதை உளறியிருக்கிறார். மறுநாள் காலை அக்கா எங்கள் வாசலில் நின்றார்.

“ஏனுங்ணா, புள்ளைக்குக் கார்டு வந்துருக்குதாமா? நீங்க அனுப்பலீங்களாமா?”

“வெய்யக்காலமுங்க அம்மிணி. அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க. போகட்டும். அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

“அடுத்த வருசம் வெய்யல் அடிக்காதுங்களா?”

அக்கா நேரே வேனுக்குப் போய்க் கதவைத் திறந்தார்.

“முன்னால ஏசி ஓடுதில்லீங்க? அங்க உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போலாமுல்ல?”

“முன்சீட்டுக்கு அடியிலதானுங்க இஞ்சினு. மேல குளிரும், கீழ வேகும். தோசைக்கல்லு மேல உக்காந்து விசிறி வீசிக்கற கதைங்க.”

அக்கா பின்னால் ஏறி ஒட்டுப்பலகையைத் தட்டிப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி, பலகையை அவரே கழற்றினார். உள்ளே முனை நசுக்கி மூடிய இரண்டு பைப்புகள் தெரிந்தன. அவற்றை ஏதோ காணாமல்போன சொந்தக்காரரைக் கண்டதுபோலத் தொட்டுப் பார்த்தார்.

“அண்ணா, இதைச் செஞ்சவன் ஒண்ணோட நிறுத்தியிருப்பானுங்களா? எங்கியாவது இருக்கும். எப்ப வேணுமுங்க?”

“வெள்ளிக்கெழம வந்தா பதினெட்டு நாளு” என்றேன் நான், அப்பாவை முந்திக்கொண்டு.

அன்று மத்தியானமே அவர் கணவர் கழுத்தில் டேப்போடு வந்தார். வேனுக்குள் மண்டியிட்டு, அந்த ஓட்டைக்கு ஜாக்கெட்டுக்கு எடுப்பதுபோலவே அளவெடுத்தார். “அகலம் பதினெட்டு... எறக்கம் ஏழரை...” என்று முணுமுணுத்தபடி பழுப்புத் தாளில் குறித்து, கத்தரியால் வெட்டி, சரியாகப் பொருந்துகிறதா என்று ஓட்டையில் வைத்துப் பார்த்தார். அந்தத் தாள்தான் எங்கள் சாம்பிள்.

தேட வேண்டியவை நான்கு. குளிரைத் தருகிற காயில். அதன் வழியாகக் காற்றை ஊதுகிற புளோயர். காயிலுக்குள் கேஸை அளந்து விடுகிற, கட்டைவிரல் அளவு வால்வு. பிறகு பைப்புகள். பைப்பு செய்துகொடுக்க சேலத்தில் ஏசி மெக்கானிக் ஒருவர் ஒப்புக்கொண்டார். மற்ற மூன்றும் இந்த வண்டிக்குக் கிடைக்காது என்று அவர் சொன்னதை அக்கா காதில் வாங்கவில்லை.

முதலில் அவர் கேட்ட கேள்வி, இத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் கேட்காதது: “கழட்டுனது எங்க போச்சுங்க?” எஸ்டேட்டில் கணக்கு எழுதிய பழைய ரைட்டரைப் பிடித்து விசாரித்தார். மாரமங்கலத்துக்காரர் ஒருவர் அப்போது எஸ்டேட்டில் வேலை பார்த்தார், அவர்தான் தூக்கிக்கொண்டு போனார் என்று தெரிந்தது. மாரமங்கலமும் மலைமேலேயே இருக்கிற குளிர்ச்சியான ஊர் என்பதால் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தோம். அந்த மாரமங்கலத்துக்காரரின் களத்தை நெருங்கும்போதே ‘உய்ய்’ என்று ஒரு சத்தம். பழைய பேட்டரி ஒன்றில் ஒயரை மாட்டி, எங்கள் வேனின் புளோயரை ஓடவிட்டு, அதன் காற்றில் மிளகு தூற்றிக்கொண்டிருந்தார் அவர். சருகு பறந்தது, மிளகு கீழே விழுந்தது.

அக்கா கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தார். “நொம்ப நல்லா ஓடுதுங்களே!” என்றார்.

“காயிலுன்னு ஒண்ணு இருந்துச்சுங்க, அதை அப்பவே பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டேன். இது மட்டும் என்ற உசிருங்க. இதைக் குடுத்துட்டு மொளகை எப்படித் தூத்தறது?”

அக்கா என்னை முன்னால் இழுத்து நிறுத்தி, விஷயத்தைச் சொன்னார். அவர் என் மெலிந்த முடியையும் தலையில் கிடந்த ஈரத்துண்டையும் பார்த்தார். குனிந்து ஒயரைப் பிடுங்கினார். “எடுத்துட்டுப் போ சாமி. ஆனா அடுத்த அறுப்புக்கு எனக்கு ஒரு காத்து வேணும்.” அந்த மார்கழியிலேயே அக்கா, கார் மோட்டாரில் இறக்கை கட்டிய ஒரு காற்றாடியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

காயில் கோயமுத்தூரில் கிடைத்தது. அக்காவும் கணவரும் முதல் பஸ்ஸில் இறங்கி, உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஒரு பாய் கடையில், “இந்த வண்டிச் சாமான் நம்மகிட்ட வந்ததே இல்லம்மா” என்றாராம். “வண்டிப் பேரை உடுங்க பாய். உங்ககிட்ட இருக்கற காயிலை எல்லாம் எடுத்துப் போடுங்க. எது இந்தத் தாளுக்குள்ள அடங்குதோ அது எங்களுது” என்று தரையில் பழுப்புத் தாளை விரித்தாராம் அக்கா. மத்தியானம்வரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததில் ஏதோ ஒரு பெரிய காரின் காயில் அடங்கியது, அரை இஞ்சு மட்டும் குறைந்தது. “அரை இஞ்சுதான? உள்ள துணி வெச்சுப் புடிச்சுக்கலாம்” என்றாராம் கணவர். இதை அவர் எங்களிடம் சொன்னபோது, தான் வாய் திறந்த அந்த ஒரு வாக்கியத்தை இரண்டு முறை சொன்னார்.

மிச்சம் இருந்தது வால்வு. காயிலோடு வந்த வால்வு துருப்பிடித்து இறுகிவிட்டது. சேலத்தில் இல்லை. ஈரோட்டில் இல்லை. கோயமுத்தூர் பாய், பத்து நாள் ஆகும் என்று தகவல் அனுப்பினார். நேர்காணலுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார். கண்ணாடி இல்லாமல் அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

“அண்ணா... வெள்ளிக்கெழமைக்குள்ளாற... அந்த வால்வு...”

அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. அவர் போட்டுக்கொண்ட சட்டப்படி சொல்லித்தான் ஆகவேண்டும்.

அப்பா ‘போகட்டும்’ என்பார் என்று காத்திருந்தேன். அப்பா சட்டையை எடுத்து மாட்டினார்.

“செவ்வாய்தானுங்க அம்மிணி ஆவுது. இன்னும் ரெண்டு நாளு முழுசா இருக்குதில்லீங்க?” என்று சொல்லிவிட்டு, அக்கா கையிலிருந்த துருப்பிடித்த வால்வை வாங்கிக்கொண்டு, அவரைத் தாண்டி ஏரிப் பக்கம் நடந்தார்.

சீசன் சமயம். ஏரிக்கரையில் வெளியூர் வேன்கள் வரிசையாக நின்றன. யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத என் அப்பா, ஒவ்வொரு டிரைவரிடமும் துருப்பிடித்த அந்த வால்வைக் காட்டிக் கேட்டிருக்கிறார். ஒருவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு இரண்டுமுறை அவர் வண்டியைச் சுற்றி வந்தாராம். அந்த ஆள்தான், பெங்களூரில் தங்கள் முதலாளியின் ஷெட்டில் இதே மாதிரி வேன் ஒன்று ஓடாமல் நிற்கிறது என்று சொன்னவர். அப்பா வீட்டுக்குக்கூட வரவில்லை. அந்த வேனிலேயே ஏறிப் போய்விட்டார். அவர் சொல்லிவிட்டுப் போயிருந்த டீக்கடைக்காரர்தான் எங்களுக்குச் செய்தி சொன்னார்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். இரண்டு நாள் தாடி. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து, கடை மேசைமேல் வைத்து அவிழ்த்தார். அக்கா வால்வை எடுத்து, காயிலின் முனையில் வைத்து விரலால் திருகினார். ஒரு சுற்று. இரண்டு. மூன்று.

“ஏறுதுங்ணா” என்றார். பிறகு அதைக் கழற்றி, முந்தானையால் துடைத்தார். அதில் துடைக்க ஒரு பொட்டு அழுக்கும் இல்லை.

மெக்கானிக் சேலத்திலிருந்து கேஸ் சிலிண்டரோடு வந்தார். ஒண்டிக்கடையில் பாதிப் பேர் வேனைச் சுற்றி நின்றார்கள். சாயங்காலம் எல்லாம் மாட்டி முடிந்தது. அப்பா இஞ்சினைக் கிளப்பினார். அக்காவும் நானும் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தோம். மெக்கானிக் ஸ்விட்சைப் போட்டார். புளோயர் உறுமியது. முதலில் வந்தது காற்று இல்லை, மிளகு. பத்துப் பதினைந்து மிளகும் ஒரு கைப்பிடிச் சருகும் எங்கள் மூஞ்சியில் அடித்தன. வெளியே நின்றவர்கள் சிரித்துச் சிரித்து டீயைச் சிந்தினார்கள். நாங்கள் தும்மிக்கொண்டே இருந்தபோது, அந்தக் காற்று மெல்ல மெல்ல மாறியது. மழை வருவதற்கு முன் எங்கள் மலை விளிம்பில், பகோடா பாயிண்டில் நின்றால் முகத்தில் படுமே, அந்தக் குளிர். அக்கா என் கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். “ஐஸு!” என்று கத்தினார். வெளியே கைதட்டினார்கள்.

குளிர் முன்பக்கம் போய்விடாமல் இருக்க, அவர் கணவர் அன்றைக்கே கனத்த துணியில் ஒரு திரை தைத்து நடுவில் தொங்கவிட்டார்.

வெள்ளிக்கிழமை அப்பாவும் அக்காவும் நானும் இறங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும், முகத்தில் ஈரத்துண்டு இல்லாமல், கண்ணைத் திறந்துகொண்டு, அன்றுதான் முதன்முதலாக வெயில் காலத்தில் பார்த்தேன். அடிவாரம் தாண்டியதும் கண்ணாடிக்கு வெளியே தார்ச்சாலை நெளிந்தது. என் கைகள் சில்லென்று இருந்தன.

நேர்காணல் ஒரு பள்ளிக்கூடத்தில். மைதானம் கொதித்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அப்பா வேனை வேப்பமரத்தடியில் நிறுத்தினார், இஞ்சினை நிறுத்தவில்லை. ஒரு மணி நேரம் போனது. கொட்டகையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்ததை அக்கா பார்த்தார். குழந்தை அழுவதைக்கூட விட்டுவிட்டது.

கதவைத் திறந்து இறங்கிப் போனார். “ஏனுங்க, கைப்புள்ளைய வெச்சுக்கிட்டு வெய்யல்ல எதுக்குங்க? வாங்க, நம்ம ஊட்டு வண்டிதான்.” அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஏறினாள். உள்ளே வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் குழந்தை காலை உதைக்க ஆரம்பித்தது. பிறகு ஒரு கர்ப்பிணி. பிறகு மயக்கம் வருகிறது என்ற ஒருத்தி. மத்தியானத்துக்குள் பின்பக்கம் நாங்கள் பதினோரு பேர். மடிமேல் மடி. நேர்காணலில் கேட்கிற மாதிரி ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்டுக்கொண்டோம். திரைக்கு அந்தப் பக்கம், கொதிக்கும் இஞ்சின்மேல், தலையில் என்னுடைய ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். “இறங்கி நெழல்ல நில்லுங்கப்பா” என்றேன். “வண்டி அமந்துட்டா?” என்றார்.

மூன்று மணிக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். அக்கா தன் சால்வையை என் தோளில் போட்டு அனுப்பினார். மைதானத்தைக் கடந்து போக இரண்டு நிமிஷம். உள்ளே போகும்போதும் என் உடம்பில் குளிர் மிச்சம் இருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி நிமிர்ந்தார். “ஏம்மா, இந்த வெய்யில்ல சால்வை?”

“குளிருதுங்க சார்” என்றேன்.

அவர் தலைக்குமேல் சுற்றிய ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டாக்டர் சர்டிபிகேட்டைக் கொடுத்து, மலைப்பகுதியில் ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று கேட்டேன். அவர் அதை இரண்டுமுறை படித்தார். நீலகிரியில் இடம் இருக்கிறது, போவாயா என்றார். போவேன் என்றேன். படித்து முடித்து, பிற்பாடு மாரமங்கலத்திலேயே பல வருஷம் டீச்சராக இருந்தேன்.

நான் வெளியே வந்து கையை உயர்த்திக் காட்டியதும் வேனுக்குள்ளிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. பெயர்கூடத் தெரியாத பெண்கள் கத்தினார்கள். அக்கா கதவைத் திறந்து குதித்து, வெயிலில் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

அந்த மலையிலேயே பிறந்து, குளிரிலேயே வளர்ந்து, ஒரு நாளும் மூக்கைச் சிந்தி நான் பார்த்திராத அந்த அக்காவுக்கு அடுத்த ஒரு வாரம் கடுமையான சளி. நாள் முழுக்க ஏசிக் காற்றுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவர் அவர்தான். தொண்டை கட்டி, மூக்குச் சிவந்து, ஃபேன் பெல்ட்டுகளுக்கு நடுவே மப்ளர் கட்டி உட்கார்ந்திருந்தார். கஷாயம் குடிக்கச் சொன்னவர்களிடம் வேண்டாம் என்றார். கடைக்கு வந்தவர்கள், “என்னுங்க்கா, ஒடம்பு செரியில்லீங்களா?” என்று கேட்பதற்காகவே காத்திருப்பார் போலிருக்கும். கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, கட்டிய தொண்டையால், பஸ் ஸ்டாப்வரை கேட்கிறமாதிரி சொல்வார்:

“சேலத்துல புடிச்சதுங்க. அக்கினி நச்சத்தரத்துல!”